வாழைத்தோட்டத்தில் என் ஸ்வெட்டர்

ஜூன் 7
கபாலே, பெண்கள் விடுதி

திருட்டு அண்ணன் அகம்பாவுக்கு,

"அன்புள்ள" என்றுதான் தொடங்க நினைத்தேன். குளிரில் கை உதறியதில் அந்த வார்த்தை எங்கேயோ விழுந்துவிட்டது. தேடி எடுக்க நேரமில்லை. ஏன் குளிர் என்று கேள். என் சிவப்பு ஸ்வெட்டர் இல்லை. ஏன் இல்லை என்று மட்டும் கேட்காதே. அது உனக்கே தெரியும்.

விடுமுறை முடிந்து வந்து பெட்டியைத் திறந்தால், ஸ்வெட்டர் இருக்க வேண்டிய இடத்தில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு! ஒவ்வொரு கிழங்கிலும் கரியால் கண், மூக்கு, மீசை. உன் வேலைதான். மூக்கை இவ்வளவு கேவலமாக வரைகிற ஆள் நம் காட்டோர ஊரில் வேறு யாரும் கிடையாது. கிழங்கைச் சுட்டுத் தின்றுவிட்டோம். மீசை வைத்ததை நானே தின்றேன், உன்னை நினைத்துக்கொண்டு, நன்றாக மென்று.

நேற்றுக் காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் என்னை வரிசையிலிருந்து வெளியே இழுத்தார்.

"ஏன் நின்சீமா, எல்லாரும் ஸ்வெட்டரோட நிக்கிறாங்க. நீ மட்டும் வெறும் சட்டையோட வந்திருக்கியே, நீ என்ன வெயில் காயற பல்லியா?"

"இல்ல சார். பல்லிக்கு அண்ணன் கிடையாது. அதனால அதோட சாமான் எல்லாம் பத்திரமா இருக்கும்."

வரிசை சிரித்தது. நான் இந்த வாரம் முழுக்கக் கக்கூஸ் கழுவுகிறேன்.

இது பழிக்குப் பழி என்று எனக்குப் புரியாமல் இல்லை. அந்த ஸ்வெட்டரைச் சுருட்டி உன் தலையணைக்கு அடியில் வைத்தது நான்தான். விடுதி முழுக்கச் சொறிந்து சாகும்போது நீ மட்டும் வீட்டில் சுகமாகத் தூங்கினால் அது என்ன நியாயம்? விடுமுறையின் கடைசி வாரம் நீ ஒரு கையால் கஞ்சி குடித்து ஒரு கையால் சொறிந்த அழகைப் பார்த்து அம்மாவே சிரித்தாள். அதற்கு நான் சாரி சொல்ல மாட்டேன். சொறி மட்டும்தான் சொல்வேன்.

இங்கே போன் வைத்திருந்தால் எல்லோர் முன்னாலும் சுத்தியலால் உடைக்கிறார்கள். அதனால் வேன்காரர் பங்கிரானா கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வழியில் யாரும் பிரித்துப் படிக்காமல் இருக்க, உறையின் மேல் "சொறி மருந்து, தொடாதே" என்று எழுதியிருக்கிறேன். அடுத்த சந்தை நாளுக்குள் ஸ்வெட்டர் வர வேண்டும்.

விறைத்துப்போன தங்கை,
நின்சீமா


ஜூன் 14
ப்விண்டிக் காட்டோரம்

நின்சீமா,

ஸ்வெட்டரை அனுப்ப முடியாது. அது வேலையில் இருக்கிறது.

நீ போன மறுநாள் முஸேயின் கொரில்லாக் கூட்டம் காட்டிலிருந்து நம் வாழைத்தோட்டத்தில் இறங்கியது. முஸேக்கு வயதாகிவிட்டது, முதுகெல்லாம் வெள்ளி. கைக்கு மட்டும் வயதாகவில்லை. நின்ற மரத்தை இழுத்துச் சாய்த்து, நடுவில் பிளந்து, தண்டைத் தின்றான். பின்னாலேயே பெண்களும் குட்டிகளும். எங்கள் காவல் குழு மணியடித்துக்கொண்டு சுற்றி நின்று, அவர்களைக் காட்டுக்குத் திருப்புவதற்குள் கிழக்கு வரிசை முழுக்கப் போய்விட்டது. அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அதனால் ஒரு பொம்மை செய்தேன். இரண்டு கம்பு, வாழைச்சருகு, தலைக்கு உடைந்த பானை. உடம்புக்கு உன் ஸ்வெட்டர். கழுத்தில் அம்மா தைத்த உன் பெயர் அப்படியே இருக்கிறது. வழியில் போகிறவர்கள் நின்று, "என்ன நின்சீமா, இன்னிக்குப் பள்ளிக்கூடம் லீவா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். பொம்மை உன்னைவிட மரியாதை தெரிந்தது. எதிர்த்துப் பேசுவதில்லை.

மறுநாளே திரும்ப வந்தார்கள். முஸே பொம்மையைப் பார்த்தான், மார்பில் தட்டினான், கொஞ்சம் யோசித்தான், ஒதுங்கிப் போனான். குட்டி கதோதோவுக்குத்தான் பயமே இல்லை. தாய் உறுமி உறுமிக் கூப்பிட்டும் கேட்காமல் ஓடிவந்து பொம்மை மேல் ஏறிவிட்டது. ஸ்வெட்டரின் கைக்குள் தன் கையை விட்டுக்கொண்டது. கழுத்துக்குள் தலையை விட்டு முகத்தை மூடி மூடித் திறந்தது. தாய் வந்து தூக்கும்போதும் விடவில்லை. பல்லில் ஒரு நூல் தொங்கத் தொங்கப் போனது. சின்ன வயதில் என் சட்டைக்குள் புகுந்துகொண்டு நீ ஆடிய அதே கூத்து.

குளிர்ந்தால் சமையல்கட்டுப் பக்கம் போய் உட்கார்.

அகம்பா


ஜூன் 18
கபாலே

அண்ணா,

கீழே படிக்காதே. முதலில் போய் அந்த ஸ்வெட்டரைக் கழற்று. எரி. பிறகு வந்து படி.

எரித்தாயா?

உன் கடிதம் வந்தபோது நாங்கள் எல்லோரும் முற்றத்தில் உள்பாவாடையோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். விடுதி மேட்ரன் கையில் மருந்து வாளி, சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி ஒரு தூரிகை. ஒவ்வொருத்திக்கும் கழுத்திலிருந்து கால்வரை அடிக்கிறார். பின்னால் பெரிய கொப்பரையில் எங்கள் துணியெல்லாம் கொதிக்கிறது.

"மேட்ரன், குளிச்சா போகாதா இது?"

"குளிச்சா அழுக்குப் போகும்டி. இது பூச்சி. தோலுக்கு அடியில சுரங்கம் வெட்டிக் குடித்தனம் நடத்துது. துணியில ஏறி அடுத்தவ உடம்புக்கு மாறிப் போயிடும். கம்பளி, போர்வை, ஸ்வெட்டர், எல்லாத்தையும் கொதிக்கப் போடு!"

ஸ்வெட்டர் என்ற வார்த்தை காதில் விழும்போது உன் கடிதத்தில் கதோதோ கழுத்துக்குள் தலையை விட்ட இடத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். மருந்து எரியும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

நீதானே ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் காவல் குழுவின் கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நின்று ஊருக்கு முழங்குவாய்? "தோட்டத்துல துணி தொங்கவிடாதீங்க! பொம்மைக்குச் சட்டை போடாதீங்க! நம்ம சளி, நம்ம சொறி எல்லாம் அதுங்களுக்கும் ஒட்டும்! நமக்கு மருந்துக்கடை இருக்கு, அதுங்களுக்கு என்ன இருக்கு?" நான் பின்னால் நின்று அதே வார்த்தைக்கு வாயசைத்துப் பையன்களைச் சிரிக்க வைப்பேன். வாயசைத்த எனக்கே மனப்பாடம். வாய் திறந்த உனக்கு மறந்துவிட்டதா?

நின்சீமா


ஜூன் 29
ப்விண்டிக் காட்டோரம்

நின்சீமா,

எடுத்துவிட்டேன். எரித்துவிட்டேன். கம்பளி எரிந்த நாற்றம் இன்னும் வாசலில் நிற்கிறது. போதுமா?

எனக்கு விதி மறக்கவில்லை. பிடுங்கிப் போட்ட வாழை வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது விதி ஞாபகம் வரவில்லை. இரண்டும் வேறு.

கதோதோ சொறிகிறது. எல்லாக் குட்டியும்தான் சொறியும். பின்கழுத்தில் கொஞ்சம் முடி கொட்டியிருக்கிறது. கொரில்லா டாக்டர் அம்மா காட்டு அலுவலகத்திலிருந்து வந்து தூரத்தில் நின்று பார்த்தார். பூஞ்சையாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம் என்கிறார்.

இதைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்காதே. அம்மாவுக்கும் தெரிய வேண்டாம். செப்டம்பரில் காட்டுக்குள் கொரில்லாக்களின் தடம் பார்க்கும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். எங்கள் குழுத் தலைவர் திபெசிக்வா என் பெயரைக் கொடுத்திருக்கிறார்.

அகம்பா


ஜூலை 3
கபாலே

தடம் பார்க்கப்போகும் அண்ணனுக்கு,

உன் தடத்தையே எரித்துவிட்டாயே, இனி எதைப் பார்க்கப் போகிறாய்?

டாக்டர் அம்மா யோசித்துக்கொண்டிருக்கிறார், பூஞ்சையோ வேறென்னவோ என்று. உனக்குத் தெரியும். நீ பக்கத்திலேயே கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறாய். தோட்டத்தில் துணி ஏதாவது இருந்ததா என்று அவர் கேட்டிருப்பாரே. என்ன சொன்னாய்? அந்தக் கேள்வியைக் கடிதத்தில் எழுதாமல் விட்டதிலிருந்தே பதில் தெரிகிறது.

சரி, அண்ணனுக்கு வாய் இல்லை, தங்கைக்கு இருக்கிறது என்று நானே இறங்கினேன். மேட்ரன் குளிக்கப் போன நேரம் பார்த்து அவர் போனை எடுத்தேன். எங்கள் வகுப்புச் சுவரில் கொரில்லாப் படம் ஒட்டியிருக்கிறது, அதன் அடியில் காட்டு அலுவலக எண்.

"சார், முஸே கூட்டத்துல ஒரு குட்டிக்கு முடி கொட்டுதில்ல? அது சொறி சார். ஒரு பொம்மையோட ஸ்வெட்டர்லேர்ந்து வந்தது."

அந்தப் பக்கம் இருந்தவர், "இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கேனே. முன்னாடி ஒரு தடவை முஸே பேசறேன்னு போன் பண்ணினது நீதானே?"

நான்தான். சுற்றுலாக்காரர்கள் பூசிக்கொண்டு வருகிற சென்ட் தாங்க முடியவில்லை, மூக்கடைப்புக்கு மாத்திரை அனுப்புங்கள் என்று முஸே மாதிரியே உறுமியிருந்தேன். விடுதியே உருண்டு சிரித்தது.

"சார், இந்தத் தடவை நிஜம் சார்!"

"அன்னிக்கும் இதையேதான்மா சொன்னே. இன்னிக்கு ஸ்வெட்டரா? நாளைக்கு முஸேக்குப் பேண்ட் தைக்கணுமா?"

வைத்துவிட்டார். திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை.

ஆக, நான் சொன்னால் வேடிக்கை. நீ சொன்னால்தான் செய்தி. உன் கோட்டுக்கு அந்த மரியாதை இருக்கிறது. அதைப் பயன்படுத்து, சீக்கிரம்.

நின்சீமா


ஜூலை 12
ப்விண்டிக் காட்டோரம்

நின்சீமா,

போன் வேறு பண்ணினாயா? நல்ல வேளை, உன்னை யாரும் நம்பவில்லை.

இப்போது நான் பேசுகிறேன், நீ கேள். நம் வாழை போனதற்கு யார் வந்து பதில் சொன்னார்கள்? மரத்தை இழந்தவன் கையிலேயே ஒரு மணியைக் கொடுத்து, "அடிக்காதே, கல்லெறியாதே, மெதுவா ஓட்டு" என்கிறார்கள். ஓட்டுகிறேன். மழையில் ஓட்டுகிறேன். முஸே என்மேல் பாய்ந்துவந்த அன்று நான் ஓடவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தேன், அவன் மூச்சு என் தலைமுடியில் பட்டது. அதை யாரும் படம் எடுக்கவில்லை. மலை மேல் சொகுசு விடுதியிலிருந்து இறங்கிவந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணீர் விடுகிறவர்களுக்கு அது கொரில்லா. எங்களுக்கு அண்டை வீட்டார். வேலி தெரியாத அண்டை வீட்டார்.

இன்னொன்று. அது யாருடைய சொறி? யார் கொண்டுவந்தது? என் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தது யார்? நீ சிரித்ததற்கு நான் போய்த் தலை குனிய வேண்டுமா? கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தடம் பார்க்கும் வேலையையும் விட்டுவிட்டு, ஊர் சிரிக்க உட்கார்ந்திருக்க வேண்டுமா?

கதோதோவும் தாயும் படுத்தெழுந்த கூட்டிலிருந்து உதிர்ந்த முடியையும் செதிலையும் பொறுக்கி, கம்பாலாவில் இருக்கிற ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். பதில் வந்தபிறகுதான் ஊசி. என்ன நோய் என்று தெரியாமல் ஊசித் துப்பாக்கியை நீட்டினால் முஸே சும்மா இருக்க மாட்டான், தாய் விழுந்தால் குட்டி நசுங்கிவிடும் என்கிறார் டாக்டர் அம்மா. அதனால் காத்திருக்கிறார்கள். நானும் காத்திருக்கிறேன்.

அகம்பா


ஜூலை 15
கபாலே

அகம்பா,

அண்ணா என்று எழுதவில்லை. கவனித்தாயா?

என் சொறிதான். நான்தான் கொண்டுவந்தேன். நான்தான் உன் தலையணைக்கு அடியில் வைத்தேன், நான்தான் சிரித்தேன். திபெசிக்வாவிடம் போய் "என் தங்கச்சி ஒரு சொறிநாய்" என்றே பேச்சை ஆரம்பி. என் பெயரைச் சொல். ஊர் என்னைப் பார்த்துக் காறித் துப்பட்டும். எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஆரம்பி.

எனக்குச் சொறி வந்தபோது என்னவெல்லாம் இருந்தது தெரியுமா? மேட்ரன் இருந்தார். மருந்து வாளி இருந்தது. கொப்பரை இருந்தது. முதுகில் எட்டாத இடத்தைச் சொறிந்துவிடப் பக்கத்துக் கட்டில்காரி இருந்தாள். அப்படியிருந்தும் நான் அழுதேன். கதோதோவுக்கு நகம் மட்டும்தான் இருக்கிறது.

இந்த மலைக் கொரில்லா உலகத்தில் மொத்தமே ஆயிரத்துச் சொச்சம்தான். எங்கள் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு வரிசை அதைவிட நீளம். அந்த வரிசையில் ஒருத்தி சொறிந்தாள், ஒரே பருவத்தில் எல்லோரும் சொறிந்தோம். முஸே கூட்டமும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துதான் தூங்கும், ஒன்றை ஒன்று கோதிவிடும். நீ கம்பாலாவிலிருந்து கடிதம் வரக் காத்திருக்கிறாய். பூச்சி காத்திருக்காது.

அண்டை வீட்டார் என்று எழுதினாயே. அண்டை வீட்டுக் குழந்தை உன்னால் துடிக்கும்போது, டாக்டர் வாசலில் நின்று என்ன நோயோ என்று விழிக்கும்போது, உன் கோட்டில் எத்தனை பொத்தான் என்று எண்ணிக்கொண்டு நிற்பாயா?

இந்தக் கடிதத்தில் வேடிக்கை ஒன்றும் இல்லை. தேடாதே. சொல்லிவிட்டு எழுது. சொல்லாவிட்டால் இனி எனக்கு எழுதவே எழுதாதே.

நின்சீமா


ஆகஸ்ட் 2
ப்விண்டிக் காட்டோரம்

நின்சீமா,

உன் கடிதம் வந்த அன்று நான் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்கடுத்து ஒரு காலையில் மேல் தோட்டத்தில் முஸே கூட்டத்தை ஓட்டிக்கொண்டிருந்தோம். கதோதோவின் தாய் என் கண்ணெதிரே நடந்து போனாள். குட்டி அவள் முதுகில் ஏறப் பார்த்தது. பிடித்துக்கொள்ள வேண்டிய கையால் சொறிந்துகொண்டிருந்தது. வழுக்கி விழுந்தது. ஏறியது. மறுபடி அந்தக் கை சொறியப் போனது, மறுபடி விழுந்தது. தாய் நின்று நின்று திரும்பிப் பார்த்தாள். நான் மணியை அங்கேயே தரையில் வைத்துவிட்டு நடந்தேன்.

டாக்டர் அம்மாவும் திபெசிக்வாவும் காவல் குடிசையில் இருந்தார்கள். சட்டைக் கையை மடித்து என் கையை நீட்டினேன். விரல் இடுக்கெல்லாம் புண்.

"என் தங்கச்சி ஸ்வெட்டர்மா. பொம்மைக்குப் போட்டேன். அந்தக் குட்டி அதுக்குள்ள புகுந்து விளையாடுச்சு."

"எப்போ?"

"ஜூன் தொடக்கத்துல."

"நான் உன் வீட்டு வாசல்லயே நின்னு கேட்டேனே அகம்பா, துணி ஏதாவது இருந்துச்சான்னு."

"இல்லைன்னு சொல்லிட்டேன்மா."

அவர் திட்டவில்லை. எழுந்துபோய் மருந்துப் பெட்டியைத் திறந்தார். திட்டியிருக்கலாம். டாக்டர் அம்மா பங்குக்கும் சேர்த்துத் திபெசிக்வா திட்டினார். "விதியை ஊருக்கெல்லாம் பாட்டா பாடிட்டு, உன் தோட்டத்துல மட்டும் திருவிழா நடத்தினியாடா? கழட்டு கோட்டை!" கழற்றிக் கொடுத்தேன். அதையும் கொதிக்க வைக்கச் சொன்னேன். அதற்கும் திட்டினார்.

அன்றே ஊசித் துப்பாக்கியோடு போனார்கள். தாய்க்கு, முஸேக்கு, சொறிந்துகொண்டிருந்த மற்றவர்களுக்கு. எல்லோருக்கும் இப்போது புது முடி முளைக்கிறது. கதோதோவுக்கும் போட்டார்கள். அதன் உடம்பில் சீழ் பிடித்திருந்தது, காய்ச்சல் வேறு. கொஞ்சம் முன்னால் தெரிந்திருந்தால் என்று டாக்டர் அம்மா ஆரம்பித்தார். என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

கதோதோ செத்துவிட்டது. தாய் அதை இன்னும் கீழே வைக்கவில்லை. போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு போகிறாள். உட்காரும்போது மடியில் போட்டுக் கோதிவிடுகிறாள், முடியே இல்லாத இடத்தில்.

நான் இப்போது தோட்டம் தோட்டமாகப் போய்ப் பொம்மைகளின் சட்டையைக் கழற்றுகிறேன். நம் ஊரில் மட்டும் எத்தனை பொம்மை சட்டை போட்டிருந்தது தெரியுமா? என் பாட்டை யாருமே கேட்கவில்லை. "உன் வேலை போயிடுச்சுன்னு எங்க பொம்மையை அம்மணமாக்க வந்தியா?" என்று கேட்கிறார்கள். கையை மடித்துக் காட்டி நடந்ததைச் சொல்கிறேன். சிலர் கொடுக்கிறார்கள். ஒருத்தர் மண்கட்டியை எடுத்து எறிந்தார். நாளை அவரிடம் திரும்பப் போவேன்.

நம் தோட்டத்தில் பொம்மை இல்லை. நானே நிற்கிறேன். மணி இல்லாததால் தகர டப்பாவைத் தட்டுகிறேன். நேற்று முஸே வந்தான். என்னைப் பார்த்தான். மார்பில் தட்டக்கூட இல்லை. திரும்பிப் போய்விட்டான்.

இனி எழுதுவாயா?

அகம்பா


ஆகஸ்ட் 5
கபாலே

அண்ணா,

எழுதுகிறேன். கோபம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. உன் மேல் இருக்கிறது, என் மேல் இருக்கிறது. பாதிப் பாதியாகப் பிரிக்கலாமா என்று பார்த்தேன். பிரியவில்லை. உனக்கும் முழுசு, எனக்கும் முழுசு.

காட்டு அலுவலகத்துக்கு மறுபடி போன் செய்தேன். மேட்ரனிடம் கேட்டு வாங்கித்தான் செய்தேன். நான் கேட்டு வாங்கியதில் அவருக்கே நெஞ்சடைத்திருக்கும். அதே சார்தான் எடுத்தார். "அந்த ஸ்வெட்டர் என்னோடது சார்" என்றேன். அவர் கேலி செய்வார் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

விடுமுறைக்கு வந்ததும் மண்கட்டி எறிந்த ஆளிடம் என்னை முதலில் கூட்டிக்கொண்டு போ. நான் பேச வேண்டும். சிரிக்க வைக்கப் போவதில்லை.

இதோடு ஒரு பொட்டலம் வருகிறது. உறையின் மேல் வழக்கம்போல "சொறி மருந்து" என்று எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை உள்ளே அதுதான் இருக்கிறது. கழுத்திலிருந்து கால்வரை, ஒரு இடம் விடாமல் தடவு, ஒரு நாள் ஊறட்டும். அம்மாவுக்கும் தடவு. துணி, போர்வை, அந்தத் தலையணை, எல்லாவற்றையும் கொதிக்க வை. பிறகு தோட்டத்துக்குப் போ. அந்தத் தாய் இன்னும் அந்தப் பக்கமாகத்தான் வருவாள்.

குளித்துவிட்டு நில்.

நின்சீமா